தழுவொளி: ஆடும் உடல்மேல் ஒளி வீழ்த்தும் முறைக்கு ஒரு கலைச்சொல்

> இன்டராக்டிவ் பாடி ப்ரொஜெக்‌ஷனுக்கு 'ஒளியாடை' போதுமே. கேட்டதும் புரிகிறது, அழகாகவும் இருக்கிறது.

வணக்கம் ஐயா,

அழகான சொல்தான். ஆனால் துணியிலேயே எல்இடி பட்டைகளைத் தைத்து, இடுப்பில் பேட்டரி கட்டி ஆடும் உடைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒளியாடை என்றால் மேடைக்காரர்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். நாம் பெயர் தேடும் முறையில் ஆடுபவர் உடம்பில் ஒரு கம்பிகூட இருக்காது. எதிரே இருக்கும் படவீழ்த்தியிலிருந்து (ப்ரொஜெக்டர்) ஒளி வருகிறது, கேமரா உடலைப் பார்க்கிறது, கணினி அந்த உடலின் விளிம்புக்குள் மட்டும் அடங்கும்படி படத்தை வெட்டி அனுப்புகிறது. முந்தைய மடலில் வந்த 'தொடரொளி'யும் பொருந்தாது. நாடக மேடையில் ஆளைப் பின்தொடரும் ஃபாலோ ஸ்பாட் விளக்குக்கே அது சரி.

'தழுவொளி' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

ஆஸ்திரியக் கலைஞர் கிளவுஸ் ஓபர்மயரின் படைப்புகளை எடுத்துக்கொள்வோம். 1990களின் இறுதியில் கிறிஸ் ஹாரிங் என்ற நடனக் கலைஞருடன் அவர் செய்த 'டேவ்' படைப்பில், முன்கூட்டியே தயாரித்த வீடியோ உடல்மேல் விழும். ஆடுபவர்தான் குறித்த நொடியில் குறித்த இடத்தில் நின்று படத்துக்குத் தம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டும். 2004இல் லின்ஸ் நகரின் ஆர்ஸ் எலக்ட்ரானிகா விழாவில் அரங்கேறிய 'அப்பாரிஷ'னில் இது தலைகீழானது: உடல் போகும் இடத்துக்கு ஒளி போனது. சொல்லில் வர வேண்டியது இந்த வேறுபாடுதான். பிந்தையது மட்டுமே தழுவொளி. முந்தையதற்கு 'உடல்மேல் படவீழ்த்தல்' என்று நேராகச் சொன்னால் போதும்.

கருவி வேலை செய்யும் விதமும் இந்தச் சொல்லுக்கு இடம் கொடுக்கிறது. சாதாரண கேமராவை வைத்தால், வீழ்த்திய படத்தையே அது மறுபடி பிடித்து, எது உடல் எது படம் என்று தெரியாமல் குழம்பும். அதனால் கேமராவை அகச்சிவப்பில் பார்க்க வைக்கிறார்கள். கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டியை லென்ஸ் முன்னால் மாட்ட வேண்டும். வெளிச்சத்துக்கு 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு விளக்கு. 940 போட்டால் விளக்கின் மெல்லிய சிவப்பும் தெரியாது, ஆனால் பெரும்பாலான கேமரா உணரிகளுக்கு அந்த அலைநீளத்தில் உணர்திறன் குறைவு; அதற்கேற்ப விளக்குகளைக் கூட்ட வேண்டும். மேடையில் ஒரே ஒரு ஹாலஜன் விளக்கு எரிந்தாலும் கெட்டது: அது வெளியிடும் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்பு, கேமரா கண்கூசிப்போகும்.

பலர் வழுக்கும் இடம் துணி. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் செயற்கை இழைத் துணிகள் பல, அகச்சிவப்பில் வெளிறித் தெரியும். சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடுவதுதான் காரணம். பின்திரையும் உடையும் ஒரே மாதிரி வெளிறினால் விளிம்பு காணாமல் போகும். ஆகவே பின்திரைக்கு மட்டும் சீராக அகச்சிவப்பு அடித்து, ஆடுபவரை அதன்மேல் இருண்ட நிழலுருவாகப் பிடிப்பது பாதுகாப்பான வழி. உடைத்துணியைத் தைக்கக் கொடுப்பதற்கு முன் அதே கேமராவில், அதே விளக்கில் பார்த்துவிட வேண்டும். படம் எடுப்பாகத் தெரிய வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் நிறம் வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

———

> இலக்கணப்படி ஓர் ஐயம். 'தழுவு' முற்றியலுகரம். ஒளி சேரும்போது 'தழுவுவொளி' என்றல்லவா வரும்? தவிர, 'தழுவல்' என்றால் நாவலைப் படமாக்குவது என்ற பொருள் நிலைத்துவிட்டது.

ஐயா, 'முற்றும் அற்று ஒரோவழி' என்று நன்னூல் வழி விட்டிருக்கிறது: குற்றியலுகரம் போலவே முற்றியலுகரமும் சில இடங்களில் உயிர் வந்தால் கெடும். கதவு + அழகு = கதவழகு போல, தழுவு + ஒளி = தழுவொளி. வினைத்தொகையாகவும் நிற்கிறது. 'தழுவல்' குழப்பம் தனிச்சொல்லில்தான் வரும். 'ஒளி' சேர்ந்தபின் யாரும் நாவலை நினைக்கமாட்டார்கள்.

இந்த வேரை வைத்துக்கொள்ள இன்னொரு காரணம், கிளைச்சொற்கள் கிடைக்கின்றன. ஒளி உடலைவிட்டு விலகி விழும் அளவுக்கு 'தழுவுபிழை' என்று பெயரிட்டுச் சென்டிமீட்டரில் சொல்லலாம். அது இரண்டு வழியில் வருகிறது.

முதலாவது சுணக்கம், அதாவது தாமதம். வினாடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) எடுக்கும் கேமராவில் ஒரு சட்டகத்துக்கே சுமார் 17 மில்லிவினாடி. கணிப்பும் படவீழ்த்தியும் சேர்ந்து மொத்தம் 70 ஆகிறது என்று வையுங்கள். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் கை அதற்குள் 14 செ.மீ. போய்விடும், ஒளி வெறும் காற்றில் கிடக்கும். 120 சட்டக கேமராவுக்கு மாறலாம். படவீழ்த்தியில் கீஸ்டோன் திருத்தம் (சாய்வாக விழும் படத்தை நேராக்குவது), பட மெருகேற்றம் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும், ஒவ்வொன்றும் நேரம் தின்னும். கையின் அடுத்த இடத்தை முன்கணிக்கும் நிரலும் உதவும், ஆனால் ஆடுபவர் சட்டென்று நின்றால் ஒளி மட்டும் முன்னே பாய்ந்துவிடும். அடவுகளில் அப்படிப்பட்ட நிறுத்தங்கள் அதிகம் என்றால் முன்கணிப்பைக் குறைத்து வைப்பதே நல்லது.

இரண்டாவது இடமாற்றம். கேமராவும் படவீழ்த்தியும் 30 செ.மீ. தள்ளி இருக்கின்றன, 8 மீட்டர் தொலைவில் பொருத்தம் பார்த்தாயிற்று என்றால், ஆடுபவர் 2 மீட்டர் முன்னே வந்ததும் 7.5 செ.மீ. பிழை வரும். மென்பொருளில் விளிம்பை இரண்டு மூன்று படப்புள்ளிகள் (பிக்சல்) உள்ளே சுருக்குவது இதற்குப் போதாது. அகச்சிவப்பை மட்டும் திருப்பும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, இரண்டு லென்ஸையும் ஒரே அச்சில் கொண்டுவந்தால் பிழை அடியோடு போகும்.

———

> ஆஸ்திரேலியாவின் சங்கி மூவ் நடனக் குழு 2006இல் செய்த 'குளோ'வில் படம் மேலிருந்து தரையில் அல்லவா விழுகிறது? அதையும் தழுவொளி என்பீர்களா?

ஆம். ஃப்ரீடர் வைஸ் எழுதிய நிரல், தரையில் கிடந்து ஆடுபவரின் உருவரையைத் தொடர்ந்து கணக்கிட்டு அதைச் சுற்றி ஒளி போடுகிறது. உடல்மேலா, உடலைச் சுற்றியா என்பது வகை வேறுபாடு. 'தரைத் தழுவொளி' என்று உட்பிரிவாக்கிவிடலாம்.

எனவே பதிவுக்கு இப்படி: தழுவொளி — நகரும் உடலின் விளிம்பைக் கேமராவால் அறிந்து, அந்தக் கணமே அதற்குப் பொருந்த வீழ்த்தப்படும் ஒளி அல்லது படம். சுணக்கத்துக்கு உச்ச வரம்பு ஒன்றையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டுமா என்று நிரலர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்