மெகா 2560: ஜிபிஎஸ் வரிகள் அறுந்து வருகின்றன, பஃபரைப் பெரிதாக்கினால் போதுமா?

நீலவயர்

போர்டு ஆர்டுயினோ மெகா 2560. சீரியல்1-இல் நியோ-6எம் ஜிபிஎஸ், வேகம் வினாடிக்கு 9600 பிட். சீரியல்2-இல் ஈஎஸ்பி32 (இன்னொரு மைக்ரோகண்ட்ரோலர்), 115200. கூடவே ஒரு டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், 60 எல்இடி உள்ள டபிள்யூஎஸ்2812 பட்டை. லூப்பில் வெப்பநிலை எடுப்பது, இரண்டு சீரியலையும் படிப்பது, பட்டையை மாற்றுவது என்று வரிசையாக ஓடுகிறது.

கோளாறு இரண்டு. ஜிபிஎஸ்ஸில் ஆர்எம்சி (இடம், நேரம் சொல்லும்) வரி ஒழுங்காகத் தொடங்கி, முடியப்போகும் இடத்தில் அறுந்து, அதன் மேலேயே வேறொரு வரி ஒட்டிக்கொள்கிறது. செக்சம் (வரி பிழையின்றி வந்ததா என்று சரிபார்க்கும் எண்) தவறுகிறது. ஈஎஸ்பி32 அனுப்பும் 24 பைட் பாக்கெட்டில் சில சமயம் நடுவில் பத்துப் பதினைந்து பைட் இல்லை. ஸ்கெட்சின் (என் நிரலின்) முதல் வரியில் ஆர்எக்ஸ் பஃபர் (வந்த பைட்டுகள் படிக்கப்படும்வரை காத்திருக்கும் இடம்) அளவை 256 என்று டிஃபைன் செய்தும் மாற்றம் இல்லை. கிரவுண்ட், வயரிங் சரி. தனித்தனியாக ஓட்டினால் இரண்டுமே பிசகாமல் வருகின்றன.

ஓம்விதி

முதலில் அந்த டிஃபைன். சீரியல் கோடு ஆர்டுயினோ கோரில் (ஆர்டுயினோவோடு வரும் அடிப்படைக் கோடு) இருக்கிறது, அது ஸ்கெட்சோடு சேராமல் தனியாகக் கம்பைல் ஆகிறது. ஸ்கெட்சில் எழுதிய டிஃபைன் அங்கே எட்டாது. பிளாட்ஃபார்ம்ஐஓ (நிரல் கம்பைல் செய்யும் கருவி) என்றால் பில்ட் ஃபிளாக்ஸில் கொடுக்க வேண்டும். நீங்கள் இதுவரை ஓட்டியது 64 பைட் பஃபர்தான். ரிங் பஃபர் (கடைசி இடத்துக்குப் பின் முதல் இடத்துக்குத் திரும்பும் பஃபர்) நிரம்பியதா காலியா என்று பிரித்தறிய ஓரிடம் காலியாக விடப்படுவதால் கொள்வது 63.

இப்போது அறுந்த ஆர்எம்சி வரியை டாலர் குறியிலிருந்து எண்ணிப் பாருங்கள். 63-வது எழுத்தில் அறுந்திருந்தால் காரணம் உறுதி. பஃபர் நிரம்பிவிட்டால் ஆர்டுயினோ பழையதை வைத்துக்கொண்டு புதிய பைட்டை எறிந்துவிடும். அதனால்தான் தலைப்பகுதி சரியாக இருக்கிறது.

நிரம்புவது ஏன்? டிஎஸ்18பி20 நூலகத்தின் ரிக்வெஸ்ட் டெம்பரேச்சர்ஸ் அழைப்பு, 12 பிட் தெளிவில் 750 மில்லிசெகண்ட் அங்கேயே நின்றுவிடும். 9600-இல் ஒரு பைட்டுக்கு 10 பிட், அதாவது 1.04 மில்லிசெகண்ட். 63 பைட் நிரம்ப 66 மில்லிசெகண்ட் போதும். ஜிபிஎஸ் வினாடிக்கு ஒருமுறை நானூறு பைட்டுக்கு மேல் கொட்டுகிறது.

செட் வெயிட் ஃபார் கன்வர்ஷன் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். அளக்கச் சொல்லிவிட்டு லூப்பை ஓடவிட்டு, மில்லிஸ் (ஓடிய மில்லிசெகண்டுகளைச் சொல்லும் அழைப்பு) பார்த்து 750 கழிந்தபின் மதிப்பை எடுங்கள். சீரியலைப் படிக்க ரீட்ஸ்ட்ரிங், ரீட்ஸ்ட்ரிங் அன்டில் அழைப்புகள் இருந்தால் தூக்கிவிடுங்கள். எதிர்பார்த்த எழுத்து வராவிட்டால் அவை ஒரு வினாடி வரை காத்துக்கிடக்கும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று டீபக் பிரின்ட். அனுப்பும் பஃபரும் 64 தான், நிரம்பினால் பிரின்ட் அங்கேயே நிற்கும். டீபக் போர்ட் 9600-இல் இருந்து 200 எழுத்து அச்சிட்டால் சுமார் 140 மில்லிசெகண்ட் போய்விடும், ஜிபிஎஸ் மறுபடி வழியும். அதை 250000-இல் வையுங்கள், 16 மெகாஹெர்ட்ஸில் பிழையில்லாமல் அமையும் வேகம் அது.

சால்டர்புகை

ஜிபிஎஸ் பற்றி மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஈஎஸ்பி32 கதை வேறு. அங்கே பஃபரை 1024 ஆக்கினாலும் தீராது, ஏனென்றால் அந்த பைட்டுகள் பஃபர் வரை வந்து சேரவே இல்லை.

டபிள்யூஎஸ்2812-க்கு ஒரு பிட் 1.25 மைக்ரோசெகண்ட், எல்இடிக்கு 24 பிட். 60 எல்இடிக்கு 1.8 மில்லிசெகண்ட். அவ்வளவு நேரமும் நூலகம் இன்டரப்ட்டை (பைட் வந்ததும் ஓடும் நிரலை இடைமறித்து அதை எடுக்க வைக்கும் வசதி) அணைத்து வைக்கிறது. 115200-இல் 87 மைக்ரோசெகண்டுக்கு ஒரு பைட், ஆக அந்த இடைவெளியில் இருபது பைட் வரும். சிப்பின் யுஎஸ்ஏஆர்டியில் (சீரியல் வன்பொருள்) இருப்பது இரண்டு பைட் ஃபிஃபோ (வந்த வரிசையில் வெளியேறும் சேமிப்பு), மூன்றாவது, பிட்டுகளைச் சேர்க்கும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் காத்திருக்கும். அடுத்த ஸ்டார்ட் பிட் வந்ததும் ஓவர்ரன், அதாவது இடமில்லாமல் பைட் தொலையும். எண்ணிப் பார்த்தால் நீங்கள் சொல்லும் பத்துப் பதினைந்து பைட் சரியாகப் பொருந்துகிறது.

இதே கணக்கில் 9600-இல் சுமார் 2.08 மில்லிசெகண்ட் வரை தாங்கும். உங்கள் 60 எல்இடி ஜிபிஎஸ்ஸைத் தொடாது. பட்டையை 80 ஆக்கினால் 2.4 ஆகிவிடும், அப்போது ஜிபிஎஸ்ஸிலும் பைட் உதிரும்.

ஈஎஸ்பி32 தானாக அனுப்புவதை நிறுத்துவதே என் தேர்வு. மெகா பட்டையை எழுதி முடித்ததும் ஒரு பைட் அனுப்பிக் கேட்கட்டும், பதிலாக 24 பைட் வரட்டும். அதற்கு 2.1 மில்லிசெகண்ட்தான் ஆகும். முழுவதும் வரும்வரை, அல்லது 10 மில்லிசெகண்ட் கழியும்வரை, பட்டையைத் தொடக்கூடாது. பட்டையை மாற்ற முடியுமென்றால் ஏபிஏ102 வாங்குங்கள். அதற்குத் தனி கிளாக் வயர் உண்டு, இன்டரப்ட்டை அணைக்கத் தேவையில்லை.

நீலவயர்

எண்ணினேன், சரியாக 63. வெயிட்டை நீக்கியதும் ஜிபிஎஸ் சீராகிவிட்டது. ஈஎஸ்பி32-ஐ கேட்டு வாங்கும்படி மாற்றப் போகிறேன். ஓவர்ரன்தான் என்று கோடிலேயே உறுதிசெய்ய வழி உண்டா? சீரியல்2-க்கு நானே ஐஎஸ்ஆர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) எழுதினால்?

ஓம்விதி

எழுதலாம், ஆனால் ஸ்கெட்சில் சீரியல்2 என்ற பெயரே வரக்கூடாது. வந்தால் அதே வெக்டர் (அந்த இன்டரப்ட்டுக்கான ஃபங்ஷன்) இரண்டு இடத்தில் இருப்பதாக லிங்கர் பிழை சொல்லும்.

ஐஎஸ்ஆருக்குள் முதலில் யுசிஎஸ்ஆர்2ஏ (நிலைக்கொடிகள் உள்ள ரெஜிஸ்டர்) படிக்க வேண்டும், பிறகுதான் யுடிஆர்2 (வந்த பைட் உள்ள ரெஜிஸ்டர்). மாற்றிப் படித்தால் அந்த பைட்டுக்கான பிழைக்கொடி போய்விடும். டிஓஆர்2 எழுந்தால் ஓவர்ரன், எஃப்ஈ2 எழுந்தால் ஃப்ரேமிங் பிழை (ஸ்டாப் பிட் உரிய இடத்தில் இல்லை). இரண்டுக்கும் தனி எண்ணிக்கை, ரிங் பஃபர் நிரம்பி எறிந்தவற்றுக்கு மூன்றாவது எண்ணிக்கை. எது ஏறுகிறதோ அதை மட்டும் திருத்துங்கள். எஃப்ஈ ஏறினால் பாட் (சீரியல்) வேகத்தைச் சந்தேகியுங்கள்: 16 மெகாஹெர்ட்ஸில் 115200 உண்மையில் 117647, பிழை 2.1 சதவீதம். 38400 என்றால் பிழை 0.2 சதவீதம்தான்.

பஃபர் அளவு 256 வைத்து ஹெட் (அடுத்து எழுதும் இடம்), டெயில் (அடுத்து படிக்கும் இடம்) இரண்டையும் 8 பிட் வாலட்டைலாக (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கும்படி) வையுங்கள். 255-க்குப் பின் தானே சுழியத்துக்குத் திரும்பும். ஹெட்டை ஐஎஸ்ஆர் மட்டும், டெயிலை லூப் மட்டும் எழுத வேண்டும். 256-ஐத் தாண்டினால் 16 பிட் இன்டெக்ஸ் வேண்டியிருக்கும். ஏவிஆர் (மெகாவில் உள்ள 8 பிட் சிப் வகை) அதை இரண்டு தடவையாகப் படிக்கிறது, நடுவில் இன்டரப்ட் புகுந்தால் பாதி பழையது பாதி புதியது என்று கிடைக்கும். அப்படிப் போவதென்றால் அந்த வாசிப்பை அட்டாமிக் பிளாக்குக்குள் (இன்டரப்ட் புக முடியாத கோடுப் பகுதி) போடுங்கள். அந்த மூன்று எண்ணிக்கைகளுக்கும் இதுவே பொருந்தும், 8 பிட்டில் வைத்தால் தொல்லை இல்லை.