பெரியப்பாவின் நாவல் கைப்பிரதி: வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி கடலுக்கடியில் மறுபடி இயங்குவதாக, மறைந்த என் பெரியப்பா ஓர் அறிவியல் புனைகதை நாவல் எழுதினார். அச்சேறவில்லை. இருப்பது இந்தக் கைப்பிரதி ஒன்றுதான். உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் பின்கள் துருவேறித் தாளோடு ஒட்டிவிட்டன. இழுத்தால் எழுத்தும் சேர்ந்து கிழிகிறது. ஓரமெல்லாம் பழுப்பு, பேனா மை பின்பக்கம் வரை ஊறியிருக்கிறது.

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் குறிப்பேடுகளைக்கூட கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகம் காத்து வைத்திருக்கிறது. நம்மிடம் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆவணக் காப்பகத்துக்குக் கையெழுத்துப் பிரதி கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெரியம்மாவுக்கு மூலத்தைப் பிரிய மனமில்லை. ஸ்கேன் மட்டும் எடுத்துத் திருப்பித் தருவார்களா? அப்புறம், பின்களைத் தாள் கிழியாமல் எப்படி எடுப்பது? மழைக்காலம் தொடங்கும் முன் செய்தாக வேண்டும்.