புதுப்பிப்பு: களிமண்ணுக்குள் தண்ணீர் நகர்ந்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேன், யூ வடிவக் குழாயின் அடியில் களிமண்ணை அடைத்து 27 வோல்ற்று கொடுத்தும் இரண்டு பக்கத் தண்ணீரும் அசையவில்லை என்று. ரூஸ் என்ற விஞ்ஞானி மொஸ்கோவில் செய்து 1809இல் வெளியிட்ட, மின்சாரத்தால் களிமண்ணுக்குள் தண்ணீரை நகர்த்தும் சோதனை, இங்கே ஹட்டனில் மட்டும் ஏன் நடக்காது?

பிழை உப்பில்தான். மின்சாரம் நன்றாகப் பாயட்டும் என்று லீற்றருக்கு 6 கிராம் போட்டிருந்தேன். களிமண் பரப்பில் மறை ஏற்றம் இருக்கிறது, அதை ஒட்டி நிற்கும் நேர் அயனிகள்தான் மறை மின்வாயை நோக்கி நகரும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன. அவ்வளவு உப்பில் அந்த அயனிகள் நிற்கும் மெல்லிய படலம் ஏறக்குறைய 1 நானோமீற்றருக்குச் சுருங்கி, இழுவையும் குறைந்துபோகும். உப்பை நூறு மடங்கு குறைத்தால் படலம் ஏறக்குறைய 10 நானோமீற்றராக விரியும்.

சரி, இந்த முறை லயத்துக்குப் பின்னால் இருக்கும் பீலித் தண்ணீரை உப்புப் போடாமல் அப்படியே ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் மறை மின்வாய்ப் பக்கம் நான் மையால் போட்ட கோட்டைத் தாண்டி 4 மில்லிமீற்றர் ஏறியிருந்தது, தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பற்றரியை மாற்றிப் பூட்டினால் மறுபக்கம் ஏறுகிறது. உப்பைக் குறைக்கச் சொன்ன அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி.