கடல்ல இருக்குற கட்டுப்பாடு கரையில ஏன் நிக்க மாட்டேங்குது? ஆம்பள மன உறுதி பத்தி ஒரு விவாதம்

மண்டபம் தம்பி:
ஏப்ரல் 15 வந்தா படகு கரை ஏறிரும், ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். தொழில் நாள்ல ராத்திரி முழுக்க மடி வலை இழுத்தாலும் எனக்கு அலுப்பு தெரியாது, டிரைவர் ஒரு குரல் கொடுத்தா போதும் எந்திரிச்சு நிப்பேன், படகுல ஒரு சொட்டு தொட மாட்டேன். கரையில இருந்தா பத்து மணிக்குத்தான் கண்ணு முழிக்குது, ராத்திரி ரெண்டு வரைக்கும் போன், பகல்ல சீட்டு, பொழுது சாஞ்சா கூட்டாளிகளோட சாராயக் கடை. 26 வயசாச்சு, அம்மா பேசுறதையே விட்டுட்டாக. ரீல்ஸ்ல பாத்தா நாலு மணிக்கு எந்திரி, பச்சத்தண்ணில குளி, ஆம்பளைனா மனசுல இருக்கிறத யார்கிட்டயும் சொல்லாத, உள்ளுக்குள்ளயே இறுக்கிக்கனு சொல்றாங்க. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க, மன உறுதி எப்படித்தான் வருது?

உச்சிப்புளி கோச்:
தம்பி உனக்கு வேண்டியது யோசனை இல்ல, ஓட்டம். போலீஸ் செலக்‌ஷனுக்குப் போற பசங்கள நான் கடற்கரையில ஓட விடுறேன். 1500 மீட்டர 7 நிமிஷத்துல முடிக்கணும், அதுக்கு மேல போனா வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அங்க நின்னு யாருகிட்டயும் கதை சொல்ல முடியாது. மணல்ல கால் கணுக்கால் வரைக்கும் புதையும், ஒவ்வொரு அடிக்கும் கால உருவி உருவி வைக்கணும், பாதி தூரத்துலயே ஒருத்தன் வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருவான். அவன நான் தூக்கி விட மாட்டேன். அவனா எந்திரிச்சு நடந்தாவது கோட்டத் தொட்டான்னா மறுநாளும் வருவான். யாராவது தூக்கி விட்டுட்டா மறுநாள் வர மாட்டான், நான் எத்தனையோ பேர பாத்துட்டேன். நம்ம ராமேஸ்வரத்துல பொறந்த கலாம் சின்னப் பையனா இருக்கிறப்பவே நாலு மணிக்கு எந்திரிச்சு குளிச்சிட்டு கணக்கு படிக்கப் போனவரு, யுத்த காலத்துல ரயில்ல இருந்து வீசுற பேப்பர் கட்ட பொறுக்கி வீடு வீடா போட்டவரு. அவருக்கு எந்த ரீல்ஸ் சொல்லிக் கொடுத்துச்சு?

பாம்பன் வாடை:
கோச் அண்ணே, உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா கலாம் கதைய பாதில நிறுத்திட்டீங்க. நாலு மணிக்கு அவர எழுப்பி குளிப்பாட்டி அனுப்பினது அவங்க அம்மா ஆஷியம்மா, அவருக்கு முன்னாடியே அவங்க எந்திரிச்சிருக்காங்க. பேப்பர் போடுறதுக்கு கூட்டிட்டுப் போனது சொந்தக்கார அண்ணன். பின்னாடி 1958ல டேராடூன்ல விமானப்படை நேர்காணல்ல 8 பேர எடுத்தாங்க, இவரு ஒன்பதாவது. பைலட் கனவு அன்னைக்கே போச்சு. உள்ளுக்குள்ள இறுக்கிக்கிட்டு ரூமுக்குள்ள படுக்கல, ரிஷிகேஷ் போய் சுவாமி சிவானந்தர பாத்து மனசுல இருந்தத அப்படியே சொன்னாரு. அப்புறம்தான் அடுத்த வேலைக்குக் கிளம்பினாரு. மன உறுதிக்கு அவர காட்டுறதுன்னா இதையும் சேத்துத்தான் காட்டணும்.
தம்பிக்கு ஒண்ணு. கடல்ல உன்ன நிமித்தி வச்சது உன் மனசு மட்டும் இல்ல. கடலுக்குப் போக டோக்கன் வாங்குற நேரம் இருக்கு, டிரைவர் குரல் இருக்கு, நீ தூங்குனா உன் வேலைய பக்கத்துல இருக்கிறவன் இழுக்கணும்ங்கிற கூச்சம் இருக்கு, கடை கண்ணுலயே படாது. கரையில இது ஒண்ணு கூட இல்ல. மனசு கெட்டுப் போயிருச்சுனு உன்னத் திட்டிக்காத, கரையிலயும் அப்படி ஒரு ஏற்பாடு பண்ணிக்க.

உச்சிப்புளி கோச்:
ஏற்பாடு இல்லாத இடத்துல என்ன பண்ணுவான்? எல்லை தாண்டினான்னு புடிச்சுட்டுப் போய் அந்தக்கரை இலங்கை ஜெயில்ல வைக்கிறாங்களே, அங்க எந்த அம்மா வந்து எழுப்புவாக? அப்ப ஒருத்தனுக்கு அவன் மனசுதான் துணை. அதத்தான் நான் மணல்ல பழக்குறேன்.

தங்கச்சிமடம் பழைய ஆளு:
அந்த ஜெயில்ல இருந்தவன் நான், அதனால சொல்றேன். தனி மனசு அங்க ரெண்டாவது வாரமே ஆடிப்போயிரும் அண்ணே. எங்க படகு ஆளுங்க எல்லாரும் ஒண்ணா இருந்தோம், டிரைவர் அண்ணன் காலைல ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்புடுவாரு, எவன் சோத்தத் தொடலையோ அவன் தட்டுக்குப் பக்கத்துல தன் தட்ட வச்சு உக்காந்துக்குவாரு, அவன் சாப்பிடாம இவரும் எந்திரிக்க மாட்டாரு. புத்தி எதுவும் சொன்னதில்ல. நான் வீடு வந்து சேந்ததுக்கு அதுதான் காரணம். ஆனா கோச் சொல்றதுலயும் உண்மை இருக்கு, சாப்பிட வைக்கலாம், முழுங்குறது நாமதான்.

சின்னப்பாலம் அக்கா:
இத்தன பேரும் ஆம்பள ஆம்பளனு பேசுறீங்க, எங்க பக்கத்து பொம்பளைங்க தீவ ஒட்டி மூச்சடக்கி முங்கி கடல்பாசி எடுக்குறாக, பாற கிழிச்சிராம இருக்க விரல்ல துணி சுத்திக்கிட்டு. மாசத்துல 12 நாள்தான் எடுக்கணும்னு அவங்களே கூடிப் பேசி வச்ச கட்டு அது. தனியா விட்டா கடன் இருக்கிறவ தினமும் முங்குவா, பாசி அத்துப்போயிரும். நாலு பேர் முன்னாடி ஒத்துக்கிட்டதால நிக்கிது. பணத்துக்கும் அப்படித்தான், மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துல 1500 கட்டுறோம், அரசாங்கம் 3000 போட்டு 4500 ஆ தொழில் இல்லாத மாசத்துல வருது. அந்த 1500 கையில இருந்தா நிக்குமா தம்பி?

தொண்டி சைக்காலஜி:
படிச்சத சொல்றேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியோட குழு 96 பேர வச்சு செஞ்ச ஆய்வு 2009ல வந்துச்சு. ஒரு புதுப் பழக்கம் தானா வர்ற நிலைக்கு நடுவாந்தரமா 66 நாள் ஆச்சு, ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். அதனால ஒரே வாரத்துல வரலைனா உனக்கு உறுதி இல்லைனு அர்த்தம் ஆகாது. இடையில ஒரு நாள் விட்டவங்களுக்கும் பழக்கம் கெடல. 'ஒரு நாள் விட்டா எல்லாம் போச்சு'ங்கிற பேச்சுதான் பசங்கள மொத்தமா விட வைக்கிது. அப்புறம் பீட்டர் கோல்விட்சர்னு ஒரு ஆய்வாளர், நாளைல இருந்து திருந்துவேன்னு பொதுவா நெனைக்கிறத விட, எப்ப, எங்க, எது முடிஞ்ச கையோடனு முன்னாடியே முடிவு பண்ணி வைக்கிறவங்க அதிகமா செஞ்சு முடிக்கிறாங்கனு காட்டினாரு. டீ குடிச்ச கையோட வலைக்கொட்டகைக்குப் போயிருவேன், போன் வீட்டுலயே இருக்கும், அந்த மாதிரி.

கீழக்கரை காக்கா:
நோன்பு மாசத்துல பாருங்க, வருஷம் முழுக்க எந்திரிக்காதவனும் விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு எந்திரிக்கிறான், பகல் பூரா சிகரெட்ட தொட மாட்டான். வீடே எந்திரிக்கிது, தெருவே முழிச்சிருக்கு. பெருநாள் முடிஞ்ச மறுநாள் அதே ஆளு பெட்டிக்கடைல நிக்கிறான். கோச் சொல்ற தனி உறுதி எங்க போச்சு அப்ப?

உச்சிப்புளி கோச்:
அதேதான் காக்கா நான் கேக்குறதும்! தெரு முழிச்சாத்தான் நீயும் முழிப்பேன்னா அது உன் உறுதி இல்ல, தெருவோட உறுதி. பெருநாளுக்கு அப்புறமும் நிறுத்துறவன் ஒருத்தன் இருக்கான்ல, அவன பத்தித்தான் பேசுறேன்.

பாம்பன் வாடை:
அந்த ஒருத்தன காட்டி மத்தவன் எல்லாரையும் அடிக்காதீங்க அண்ணே. நான் மனநல வார்டுல வேலை பாக்குற நர்ஸ். உறுதி உறுதினு சொல்லி எங்கிட்ட கடைசில வந்து சேர்ற ஆம்பளைங்கதான் அதிகம். நாட்டுல வருஷா வருஷம் வர்ற தற்கொலைக் கணக்குல 100க்கு 70 பேருக்கு மேல ஆம்பளைங்க. நம்ம மாவட்டத்துக்கு இது இன்னும் உறைக்கணும், 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி மனநலக் காப்பகத்துல சங்கிலியோட 28 பேர் தீயில போனாங்க, மனநோய்க்கு வைத்தியம் பாக்காம கட்டி வச்ச ஊருனு நாடே நம்மள பாத்துச்சு. 2017 மனநலச் சட்டம் சங்கிலிய தடை பண்ணிருச்சு. மனசுக்கு முடியலைன்னு ஒரு ஆம்பள வாய் விட்டு சொல்றதுக்குத்தான் இன்னும் தடை போட்டு வச்சிருக்கோம்.
தம்பி, கடைனு சொன்னியே, அதுல கவனம். தினமும் நெறைய குடிக்கிறவன் திடீர்னு நிறுத்துனா ரெண்டு மூணு நாளுக்குள்ள கை நடுக்கம், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. அத வைராக்கியத்தால தாண்ட முடியாது, மருந்து வேணும். அளவு கூடிருச்சுன்னா ஜிஎச்ல டாக்டர பாத்துட்டு நிறுத்து. ராத்திரில மனசு ரொம்ப அமுக்குச்சுனா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

மண்டபம் தம்பி:
நான் தினமும் இல்ல அண்ணே, வாரத்துல ரெண்டு மூணு தரம். எங்க படகுல இன்னொரு பையன்தான் தினமும், அவனுக்கு காலைல கை நடுங்கும், அவன ஜிஎச்சுக்கு கூட்டிட்டுப் போறேன். கோச் அண்ணே, எங்க வயசுக்காரங்க ஓட வரலாமா? போலீஸ் செலக்‌ஷன் எல்லாம் இல்ல, சும்மா.

உச்சிப்புளி கோச்:
அந்தப் பையன முதல்ல டாக்டர்கிட்ட காட்டு, அவர் சொல்ற வரைக்கும் அவன ஓட விடாத. நீ 5 மணிக்கு வா, வெறுங்கால்ல. கூட்டாளி யாரையாவது கூட்டிட்டு வர்றதுன்னா வா, அத நான் வேணாங்கல, ஆனா அவன் பாதில உக்காந்துட்டான்னா நீ உக்காரக் கூடாது.