கேள்வி-பதில் பக்கங்களுக்குச் சேர்த்த ஸ்கீமாவில் பிழை, அவசர உதவி தேவை

சந்தூர்க்காரன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாமாவின் ஒட்டு மாங்கன்று நர்சரிக்கான இணையதளத்தில், விவசாயிகள் கேட்கும் கேள்விகளுக்கும் அவற்றுக்கான பதில்களுக்கும் ஸ்கீமா (பக்கத்தில் இருப்பது என்ன என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு நிரல்) சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. கூகுளில் எதுவும் தெரியவில்லை. சோதித்துப் பார்த்தால் பிழை என்று வருகிறது. ஆடி பிறந்துவிட்டால் கன்று வாங்க வருபவர்களைக் கவனிக்கவே நேரம் போதாது என்பதால் அதற்குள் சரிசெய்தாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே வழி சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்:
எந்தக் கருவியில் சோதித்தீர்கள், அது காட்டிய பிழையின் சொற்கள் என்ன? தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகிறதா? ஸ்கீமாவை ஏதாவது பிளகின் (துணை நிரல்) எழுதுகிறதா, நீங்களே எழுதினீர்களா? எந்த ஸ்கீமா வகையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்? உங்களிடம் வரும் விவசாயி இலையைக் கூடக் காட்டாமல் மருந்து கேட்டால் உங்கள் மாமா என்ன சொல்வாரோ, அதைத்தான் நானும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தென்பெண்ணை:
பிழையைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம் நண்பரே. தேடல் முடிவுக்குக் கீழே கேள்விகள் விரிந்து தெரியும் வசதியை, பெயர்பெற்ற அரசுத் தளங்களுக்கும் உடல்நலத் தளங்களுக்கும் மட்டும்தான் காட்டுவோம் என்று கூகுள் 2023 ஆகஸ்ட் மாதமே அறிவித்துவிட்டது. ஸ்கீமாவை எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும் ஒரு நர்சரித் தளத்துக்கு அது வரப்போவதில்லை. அந்த நேரத்தில் பக்கத்தின் வேகத்தைக் கூட்டுங்கள்.

மூத்த நிரலர்:
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். வருவதற்கு முன் கூகுளின் ஆவணத்தை ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள் என்று நான் எழுதி எழுதி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். தம்பி, ‘பிழை என்று வருகிறது’ என்பது பிழையின் பெயர் அல்ல.

சந்தூர்க்காரன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விவரங்களை விட்டுவிட்டேன். தளம் வேர்ட்பிரஸ்தான், பிளகின் எதுவும் இல்லை, தீமின் (தளத்தின் வடிவமைப்புத் தொகுப்பின்) ஃபங்ஷன்ஸ் கோப்பில் நானே எழுதிய பிஹெச்பி நிரல். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று மொத்தம் 61 பக்கங்கள் இருக்கின்றன, வகை எஃப்ஏகியூபேஜ். இவற்றில் 14 பக்கங்களை, தளக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் ‘படிக்க முடியாத கட்டமைப்புத் தரவு’ என்ற தலைப்பில் போட்டு, கமாவோ முடிவு அடைப்போ இல்லை என்கிறது. மற்ற 47 பக்கங்கள் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் பிழையின்றித் தேறுகின்றன. ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் கேள்வி இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஆங்கில யு எழுத்தும் அதைத் தொடர்ந்து நான்கு குறிகளும் வரிசையாக ஓடுகின்றன. பார்வையாளருக்குத் தெரியும் பக்கத்தில் தமிழ் ஒழுங்காகவே இருக்கிறது.

மூத்த நிரலர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம்தான் காரணம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பாமினி எழுத்துரு காலத்திலிருந்து தமிழ்த் தளங்களைப் பார்த்து வருகிறேன். அட்டவணைகளைப் பழைய யூடிஎஃப்8-இலிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

பாலக்கோட்டான்:
ஐயா, அப்படி இருக்க வாய்ப்பில்லை என்று பணிவுடன் சொல்கிறேன். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்8-இல் மூன்று பைட்டுதான் எடுத்துக்கொள்கிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய யூடிஎஃப்8 வடிவமே மூன்று பைட் வரை தாங்கும். நான்கு பைட் தேவைப்படும் எமோஜி போன்றவற்றுக்குத்தான் எம்பி4 இல்லாமல் முடியாது. குறியாக்கம் கெட்டிருந்தால் கேள்விக்குறிகளாகவோ உருக்குலைந்த எழுத்துகளாகவோ தெரியும். அதுவும் பக்கத்திலேயே தெரியும். இங்கே பக்கம் நன்றாக இருக்கிறது, ஸ்கீமா மட்டும்தான் கெட்டிருக்கிறது.

மூத்த நிரலர்:
நான் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம்.

ஓசூர் ரோஜா:
சந்தூர்த் தம்பி, அட்டவணையில் கை வைக்க வேண்டாம். தரவை ஜேசனாக (ஸ்கீமா எழுதப்படும் உரை வடிவமாக) மாற்றும் பிஹெச்பியின் ஜேசன் என்கோட் ஃபங்ஷன், வேறு எதுவும் சொல்லாவிட்டால், தமிழ் எழுத்துகளை இப்படி எண்குறிகளாக மாற்றித்தான் எழுதும். மாங்காயின் முதல் எழுத்தான ‘மா’வே அங்கே இரண்டு எண்குறிகளாகிவிடும். ‘ஜேசன் அன்எஸ்கேப்ட் யூனிகோட்’ என்ற ஃபிளாகை (விருப்பக் குறியை) சேர்த்தால் தமிழ் தமிழாகவே நிற்கும், பிஹெச்பி 5.4 முதலே அது இருக்கிறது. எண்குறியாக இருந்தாலும் கூகுள் அதைத் தமிழாகப் படித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எனக்கு இடறுகிறது. சோதனைக் கருவியும் எண்ணாகவே காட்டுகிறது என்றால் வேறு ஏதோ குறை இருக்கிறது. ஃபிளாகைச் சேர்த்து, எல்லாப் பக்கங்களையும் மறுபடி சேமித்துவிட்டு என்ன வருகிறது என்று எழுதுங்கள். சேமிப்பதற்கு எந்த ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பர்கூர்ப் பறவை:
இதற்கிடையில் வகையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எஃப்ஏகியூபேஜ் என்பது தளத்தார் தாமே கேள்வியும் எழுதிப் பதிலும் எழுதி, வேறு யாரும் பதில் சேர்க்க முடியாத பக்கத்துக்கு உரியது. ஒரே ஒரு கேள்வி இருந்து, பார்வையாளர்கள் தங்கள் பதிலைச் சேர்க்க இடமிருந்தால் அது கியூஏபேஜ். சந்தூர்க்காரரே, உங்கள் பக்கத்தில் மற்ற விவசாயிகள் பதில் எழுத முடியுமா?

தென்பெண்ணை:
எந்த வகையாக இருந்தால் என்ன, 2023-க்குப் பிறகு இரண்டும் ஒன்றுதான் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

பர்கூர்ப் பறவை:
இரண்டும் ஒன்றல்ல. அந்த அறிவிப்பு எஃப்ஏகியூ பற்றியும் செய்முறைப் பக்கங்களுக்கான ஹவ்டு பற்றியும் வந்தது. கியூஏபேஜ் அதில் இல்லை. ஒரு பெயரைப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

தென்பெண்ணை:
தகுதி இருப்பது வேறு, கூகுள் காட்டுவது வேறு. காட்டியே தீருவோம் என்று அவர்கள் எங்கும் உறுதி தரவில்லை. அதைவிட முக்கியமான செய்தி, இந்த மாதிரித் தளங்களில் இரகத்தின் பெயரே ஒழுங்காக இருப்பதில்லை. பெங்களூரா என்று எழுதினால் நான்கு பேர் தேடி வருவார்கள். எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டால் யார் தேடுவார்?

பர்கூர்ப் பறவை:
கூழ் ஆலையில் தோத்தாபுரி என்பார்கள், மண்டியில் பெங்களூரா என்பார்கள், வீட்டில் ஊறுகாய்க்கு அரியும்போது அதே காய் கிளிமூக்கு. மூன்றும் தேடப்படும் பெயர்கள்தான். ஆனால் ஸ்கீமாவில் எழுதுவது பக்கத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. பக்கத்தில் கிளிமூக்கு என்று எழுதிவிட்டு ஸ்கீமாவில் மட்டும் தோத்தாபுரி என்று போடுவது சரியாகாது.

மூத்த நிரலர்:
மாம்பழப் பெயர்களை ஆராய்வதற்கு வேறு இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.

சந்தூர்க்காரன்:
ரோஜா அக்கா சொன்னபடி ஃபிளாகைச் சேர்த்து 61 பக்கங்களையும் மறுபடி சேமித்தேன். 47 பக்கங்களிலும் இப்போது தமிழ் தெளிவாகத் தெரிகிறது, மிக்க நன்றி. ஆனால் அந்த 14 பக்கங்கள் அதே பிழையோடுதான் நிற்கின்றன. பதில்களில் பத்தி பிரியும் இடங்களில் ஆங்கில என் எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பதையும் இப்போதுதான் கவனித்தேன். பெயரைப் பற்றி மேலே பேசியதைப் படித்தபோது இன்னொன்றும் உறைத்தது: அந்த 14-உம் கிளிமூக்கு பற்றிய கேள்விகளாக இருக்கின்றன. செந்தூரா, அல்போன்சா, நீலம் பற்றிய பக்கங்களில் ஒன்றில்கூடப் பிழை இல்லை. ஒரு மாம்பழத்தின் பெயருக்கும் பிழைக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. சேமிப்பது அப்டேட் போஸ்ட் மெட்டா ஃபங்ஷன் வழியாகத்தான். பர்கூர் நண்பருக்கு: ஆம், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம்.

ஓசூர் ரோஜா:
உங்கள் மாமா அந்தப் பெயரைப் பதிலில் எப்படி எழுதுகிறார்? மேற்கோள் குறிக்குள் போடுகிறாரா?

சந்தூர்க்காரன்:
ஆம் அக்கா. பெங்களூரா "கிளிமூக்கு" மரங்களுக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 40 கன்று பிடிக்கும் என்பது போல, ஊர்ப் பெயரை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள்தான் எழுதுவார்.

ஓசூர் ரோஜா:
பிடிபட்டுவிட்டது. நீங்கள் கண்ட மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றே. ஜேசனில் மதிப்புகள் இரட்டை மேற்கோளுக்குள் நிற்பதால், உள்ளே வரும் மேற்கோளுக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டு ‘இது முடிவு அல்ல’ என்று குறிக்க வேண்டும். ஜேசன் என்கோட் அதை ஒழுங்காகவே செய்துவிடுகிறது. தமிழ் எண்குறிக்கு முன்னாலும், புதிய வரியைக் குறிக்கும் என் எழுத்துக்கு முன்னாலும் அதே பின்சாய்வுதான் நிற்கும். ஆனால் அப்டேட் போஸ்ட் மெட்டா, தன்னிடம் வரும் தரவில் கூடுதலாகப் பின்சாய்வு சேர்க்கப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, சேமிக்கும் முன் பின்சாய்வுகளை உரித்துவிடுகிறது. இது பிஹெச்பியின் பழைய மேஜிக் கோட்ஸ் (வரும் தரவில் தானே பின்சாய்வு சேர்த்த வசதி) காலத்திலிருந்து வேர்ட்பிரஸ்ஸில் தொடரும் வழக்கம். பின்சாய்வு போனதும் எண்குறி வெறும் எழுத்தாகிவிட்டது, வரிப்பிரிவு என் ஆகிவிட்டது, கிளிமூக்குக்கு முன்னால் இருந்த மேற்கோளோடு பதில் முடிந்துவிட்டதாகக் கூகுள் நினைத்துக்கொண்டது. நான் சொன்ன ஃபிளாக் முதல் குறையை மட்டும்தான் மூடியது. அந்த அளவில் என் யோசனையும் அரைகுறையே.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. சேமிக்கும் முன் ஜேசனை டபிள்யூபி ஸ்லாஷ் ஃபங்ஷனுக்குள் செலுத்தினால் உரிப்பதற்கு ஒரு அடுக்கு கூடுதலாகக் கிடைக்கும், உள்ளே இருப்பது தப்பிக்கும். நான் பரிந்துரைப்பது அதுவல்ல. ஜேசனைச் சேமிக்கவே வேண்டாம். பக்கம் காட்டப்படும் நேரத்தில் கேள்வியையும் பதில்களையும் இருக்கும் இடத்திலிருந்து எடுத்து, டபிள்யூபி ஜேசன் என்கோட் மூலம் அங்கேயே அச்சிடுங்கள். பதிலை யாராவது திருத்தினால் ஸ்கீமாவும் தானே மாறும். ஆனால் முன்சாய்வை அப்படியே விடும் ஃபிளாகைக் கூடவே சேர்த்துவிடாதீர்கள்; பதிலுக்குள் யாராவது ஸ்கிரிப்ட் முடிவுக் குறியை எழுதிவைத்தால் பக்கம் அங்கேயே உடையும்.

பாலக்கோட்டான்:
அருமை. கேச் பிளகின் (பக்கத்தின் பழைய நகலை வைத்திருந்து காட்டுவது) இருந்தால் அதையும் காலி செய்துவிட்டுச் சோதியுங்கள். இல்லையென்றால் பழைய ஸ்கீமாவையே பார்த்துக்கொண்டு இன்னும் இரண்டு நாள் குழம்புவீர்கள்.

மூத்த நிரலர்:
அப்டேட் போஸ்ட் மெட்டாவின் ஆவணத்தில் இது எழுதியே இருக்கிறது. அதனால்தான் ஆவணத்தைப் படியுங்கள் என்றேன்.

பாலக்கோட்டான்:
யூடிஎஃப்8எம்பி4 பற்றியும் அந்த ஆவணத்தில்தான் படித்தீர்களா ஐயா?

பர்கூர்ப் பறவை:
பார்வையாளர்கள் பதில் எழுதலாம் என்றால் வகையையும் கியூஏபேஜ் என்று மாற்றுங்கள். அதில் கேள்வியின் தலைப்போடு மொத்தப் பதில்களின் எண்ணிக்கையையும் ஆன்சர்கவுன்ட் என்ற புலத்தில் எண்ணாகத் தர வேண்டும்; ‘மூன்று பதில்கள்’ என்று எழுத்தில் போடக் கூடாது. மாமா சரியென்று குறித்த பதில் இருந்தால் அக்செப்டெட்ஆன்சர், மற்றவை சஜெஸ்டெட்ஆன்சர். இரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் பக்கம் தகுதி பெறும். எனவே இன்னும் பதிலே வராத கேள்விகளுக்கு இப்போதைக்கு ஸ்கீமா எழுதாமல் விட்டுவிடுங்கள். பல கேள்விகள் ஒன்றாக வரும் கன்று விலைப் பக்கத்தில் இதைப் போட வேண்டாம். அங்கே இந்த வகை செல்லாது.

தென்பெண்ணை:
எல்லாம் சரி, ஆனால் கூகுளில் தெரிந்த பிறகு யாராவது ஒரு படம் எடுத்துப் போடுங்கள், நம்புகிறேன்.

சந்தூர்க்காரன்:
ஜேசனைச் சேமிப்பதை நிறுத்திவிட்டு ரோஜா அக்கா சொன்னபடி பக்கத்திலேயே அச்சிட்டேன். 14 பக்கங்களும் பிழையின்றித் தேறுகின்றன. சர்ச் கன்சோலில் மறு சரிபார்ப்புக்குக் கொடுத்திருக்கிறேன். இனி மேற்கோள் குறி போடலாமா என்று மாமா கேட்டார், தாராளமாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கன்று ஏற்ற வண்டி வந்துவிட்டது, மற்றதைப் பிறகு எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.

பர்கூர்ப் பறவை:
மகிழ்ச்சி. வகையை மாற்றினீர்களா?

பர்கூர்ப் பறவை:
ஆறு நாள் ஆகிவிட்டது. சந்தூர்க்காரரே, இன்னும் எஃப்ஏகியூபேஜ் என்றே இருக்கிறதா, மாற்றிவிட்டீர்களா?