புதுப்பிப்பு: சைவச் சாப்பாட்டில் எடை ஏறவில்லை என்று கேட்டிருந்தேன்

காலேஜ் படிக்கிற மகள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இப்போது எடை மெதுவாக ஏறுகிறது.

முதலில் தைராய்டு டெஸ்ட் எடுத்தோம், நார்மல். பலித்தது, "சோத்தைக் கூட்டாதீங்க, எண்ணெயையும் கடலையையும் கூட்டுங்க" என்ற யோசனைதான். மாவுச்சத்தில் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. இட்லிப் பொடிக்கு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றினால் அதிலேயே சுமார் 120 கலோரி. சாயங்காலம் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. 30 கிராம் என்றால் 170 கலோரி பக்கம் வரும். சில நாள் எள்ளுருண்டை. நெய்யை மட்டும் அளவோடுதான் வைத்திருக்கிறோம்.

எதிர்பாராத விஷயம்: சாப்பிட உட்காரும் முன்பே மோர் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தாள். அதைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளியதும் தட்டு காலியாகிறது.

ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்புக்காக ஆளி விதை சொன்னீர்கள். முழுசாகப் போட்டால் பெரும்பாலும் செரிக்காமலே போய்விடும். லேசாக வறுத்துப் பொடித்து, பருப்புப் பொடியோடு கலந்துவிடுங்கள். வாசனை தெரியாது. தண்ணீர் கூடுதலாகக் குடிக்கணும், இல்லாவிட்டால் மலச்சிக்கல்தான்.