பிசி817 (எல்இடி ஒளி வழியா சிக்னல் கடத்துற ஆப்டோகப்ளர் ஐசி) சூடானா தானா ஆன் ஆகுது, அவசரம்

சிறுமின்: சிக்னலே இல்லாதப்பவும் கன்ட்ரோலர் பின் லோ காட்டுது. பெட்டி சூடானதும் ஆரம்பிக்குது. 5 போர்டுல 2ல மட்டும். என்ன பண்ணலாம்?

ஓம்விதி: புல்-அப் (பின்னை சப்ளையோட இணைக்கிற ரெசிஸ்டர்) எவ்வளவு? சப்ளை 5ஆ, 3.3ஆ? ஐசி உள்ளே இருக்கிற எல்இடிக்கு சிக்னல் எதுலேருந்து வருது? இது தெரியாம எப்படிங்க சொல்றது?

ஈயப்பற்று: ஃப்ளக்ஸ் (சாலிடர் பண்ணும்போது போடுற பசை) கழுவினீங்களா? கால்களுக்கு நடுவுல ஒட்டியிருந்தா மெகாஓம் கணக்குல கசியும்.

பழையபலகை: டேட்டாஷீட்டைத் திறந்தாலே பாதி கேள்வி வராது. கலெக்டர் டார்க் கரன்ட்னு (ஐசியோட வெளியீட்டு டிரான்சிஸ்டர்ல கசியுற கரன்ட்) ஒரு வரி இருக்கும்: எல்இடி அணைஞ்சிருக்கும்போது, 20 வோல்ட், 25 டிகிரியில அதிகபட்சம் 100 நானோஆம்ப். 10 டிகிரி ஏற ஏற ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

சிறுமின்: 3.3 வோல்ட். புல்-அப் 1 மெகாஓம், பேட்டரி மிச்சம் பிடிக்க. உள்ளே 70 டிகிரி. எல்இடிக்கு 24 வோல்ட் சென்சார், 4.7கே (கிலோஓம்) ரெசிஸ்டர் வழியா.

ஓம்விதி: 1 மெகாதான் காரணம். 70 டிகிரியில அந்த 100 நானோ 2.2 மைக்ரோ வரை போகலாம். 1 மெகாவுல 2.2 வோல்ட் விழுந்தா பின்ல மிஞ்சுறது 1.1தான், அதை கன்ட்ரோலர் லோன்னு எடுத்துக்கலாம். எல்லா பீஸும் அவ்வளவு கசியாது, அதான் 2 போர்டு மட்டும். 47கே போட்டா 0.1 வோல்ட்தான் விழும். பிசி817 ஆன்ல இருக்கும்போது மட்டும் 70 மைக்ரோஆம்ப் செலவு.

தூண்டல்: இருங்க, சென்சார் 2 வயரா (பவரும் சிக்னலும் அதே 2 வயர்லயா)? அணைஞ்சிருக்கும்போதே அரை மில்லிஆம்ப் கசிஞ்சா எல்இடி மங்கலா எரியும். சூட்டோட 1, 2 கால்களை (எல்இடியோட கால்கள்) ஷார்ட் பண்ணிப் பாருங்க. பின் 3.3க்கு ஏறினா கோளாறு சென்சார் பக்கம், எல்இடிக்குக் குறுக்கே 1கே போடுங்க. ஏறலேன்னா ஓம்விதி சொன்னதுதான்.

ஈயப்பற்று: ஏறலேன்னா ஃப்ளக்ஸாவும் இருக்கலாமே?

தூண்டல்: அப்ப ஐசியைக் கழட்டிட்டு அதே சூட்டுல அளக்கட்டும். ஃப்ளக்ஸ்னா அப்பவும் லோதான்.

ஓம்விதி: மீட்டரோட 10 மெகாஓமையும் கணக்குல வைங்க. 1 மெகா புல்-அப்ல நல்ல போர்டே 3.0தான் காட்டும்.

வேகமுனை: இவ்வளவு எதுக்கு? 6என்137 (வேகமான ஆப்டோகப்ளர்) மாத்துங்க. 1 மெகாவுல பிசி817 அணையவே ரொம்ப நேரம் எடுக்கும்.

பழையபலகை: பேட்டரி சாதனத்துல 6என்137ஆ? சும்மா இருக்கும்போதே மில்லிஆம்ப் கணக்குல இழுக்கும். சென்சார் சிக்னலுக்கு அந்த வேகம் எதுக்கு?

வேகமுனை: சென்சார் எவ்வளவு வேகம்னு அவர் இன்னும் சொல்லவே இல்லையே.

சிறுமின்: ஷார்ட் பண்ணியும் ஏறல. ஐசியைக் கழட்டினா ஏறுது. 47கே போட்டாச்சு, 70லயும் 3.2 நிக்குது. நன்றி.

ஓம்விதி: சரியா இருக்கிற 3 போர்டுலயும் மாத்திடுங்க.